முதல் புடவையைப் பிரித்த கை

மெட்ராஸில் இருபது வருஷம் குப்பை கொட்டிய எவரிடம் வழி கேட்டாலும் கோயிலையோ சினிமாக் கொட்டகையையோ அடையாளம் வைத்துச் சொல்வார்கள். மாணிக்கவாசகத்தின் அடையாளங்கள் வேறு தினுசு. மயிலாப்பூர் என்றால் அவருக்குத் தெற்கு மாடவீதிப் பக்கம் ஒரு காப்பி ஓட்டலின் பின்கட்டு. சும்மா உள்ளே நுழைந்தால் முறைப்பார்கள், ஒரு காப்பியாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். லஸ் என்றால் ஒரு வாசகசாலை. தலையங்கத்தை ஐந்து நிமிஷம் படிப்பதுபோல் பாவனை செய்துவிட்டுப் பின்பக்கம் நழுவ வேண்டும். அவசரக்காரனுக்கு அந்த ஐந்து நிமிஷம் ஒரு யுகம். அடையாறு என்றால் ஒரு மரவாடி. தண்ணீர் உண்டு, தாழ்ப்பாள் கிடையாது, ஒற்றைக் காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு மட்டும் லாயக்கு.

“ஊர்ல இருந்து கூட வந்தவன்லாம் நிலம் சேத்தான், நகை சேத்தான். நான் கக்கூஸ் சேத்திருக்கேன்” என்பார் மனைவி தங்கத்திடம்.

தங்கம் சிரிக்கமாட்டாள். இருபது வருஷமாக அவர் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் அவளுக்கு. சிரித்தால் அதையே நாலு நாளைக்குச் சொல்வார் என்ற பயம்.

இந்தச் சொத்து சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய பெருங்குடல். எழுபத்தொன்றாம் வருஷம் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தரம், பத்துத் தரம் ஓட்டம், அதில் ரத்தம். மூலம் என்று அவராகவே முடிவு கட்டினார். பட்டணத்துச் சுவரெல்லாம் மூலத்துக்கு விளம்பரம் எழுதியிருக்கும்போது ஒரு மனிதனுக்கு வேறு நோய் எப்படித் தோன்றும்? நாலு மாதம் கருணைக்கிழங்காகத் தின்றார். கிழங்குதான் குறைந்தது, ரத்தம் குறையவில்லை. இடையில் முழங்கால் வீங்கியது. அதற்கு ஒரு எண்ணெய் வைத்தியர். ஒரு கண் சிவந்து வெளிச்சம் பார்த்தாலே குத்தியது. அதற்கு ஒரு சொட்டு மருந்து. வாயெல்லாம் புண், அதற்கு மணத்தக்காளிக் கீரை. உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு ஆளை வைத்து வைத்தியம் பார்த்தும், வேட்டி இடுப்பில் நிற்காமல் போயிற்று.

கடைசியில் அடையாறில் சாயங்காலம் நோயாளி பார்க்கிற டாக்டர் சகினாவிடம் போய் விழுந்தார். அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து, குழாய் விட்டுப் பார்க்கவைத்து, வெள்ளை மருந்து ஏற்றிப் படம் எடுக்கவைத்தாள். அந்தக் குழாயைப் பற்றி மாணிக்கவாசகம் நிறைய வேடிக்கை சொல்வார். ஒன்றுகூட அச்சில் ஏறத் தகுந்ததில்லை.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாள் சொன்னாள்: “பெருங்குடல்ல புண். தொத்திக்கிறது இல்ல. நீங்க செஞ்ச பாவமும் இல்ல. குடியிருக்கிறது குடல்லதான், ஆனா ஊர் சுத்துற புத்தி அதுக்கு. உங்க முழங்கால், கண்ணு, வாய்ப்புண், ரத்தம் குறைஞ்சது எல்லாம் இது சுத்தின ஊர்தான். முழுசா விரட்ட மருந்து கிடையாது. ஆனா அடக்கிவெச்சுக்கிட்டு அறுபது எழுபது வயசு வரைக்கும் நல்லா வாழலாம்.”

மாணிக்கவாசகத்துக்கு அழுகை வந்துவிட்டது. நோய் வந்த துக்கத்தில் அல்ல. ஆறு மாதமாக ஆறு பேரிடம் ஆறு துண்டாகக் கிடந்த அவரை ஒருத்தி சேர்த்து வைத்து ஒரே ஆளாகப் பார்த்துவிட்டாளே என்று.

மஞ்சளாகப் பெரிய மாத்திரை ஒரு நாளைக்கு எட்டு. அதைத் தின்றால் சிறுநீர் ஆரஞ்சு கலர் சோடா மாதிரி போகும். வெள்ளையாகச் சின்ன மாத்திரை கொஞ்ச நாளைக்கு. அதைத் தின்றால் முகம் பூரிபோல உப்பும். உப்பின முகத்தோடு அந்த வருஷம் ஊரில் கோயில் கொடைக்குப் போனபோது எல்லாரும் மெட்ராஸ் தண்ணி நன்றாக ஒத்துக்கொண்டது என்றார்கள். அந்தக் கன்னத்தைப் பார்த்து ஒருவர் தன் மகனுக்கு வேலை கேட்டார்.

டாக்டரம்மாள் மூன்று கட்டளை போட்டிருந்தாள். உடம்பு நன்றானாலும் மஞ்சள் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பேதி மருந்தின் பக்கமே போகக் கூடாது. கூட இருக்கிறவர்களிடமும், கூட வேலை செய்கிறவர்களிடமும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டுக்கும் மாணிக்கவாசகம் ‘சரிம்மா’ என்றார். மூன்றாவதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றாவதில் பாதியைத் தங்கமே நிறைவேற்றிவிட்டாள். மந்தைவெளியில் அவர்கள் இருந்த வளவில் ஆறு குடித்தனம், ஒரே கக்கூஸ். காலையில் வாளியோடு வரிசை நிற்கும். தங்கம் ஒரு மத்தியானம் ஐந்து வீட்டுக்கும் நடந்துபோய், ‘எங்க வீட்டுக்காரருக்குக் குடல்ல புண்ணு, அவுக வந்தா மட்டும் வழி விடணும்’ என்று சொல்லிவிட்டு வந்தாள். மாணிக்கவாசகம் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் காலை அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, வரிசையில் முதலில் நின்ற ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் பேப்பரிலிருந்து தலை தூக்காமலே ஒரு அடி நகர்ந்து நின்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு பார்வை இல்லை. அன்று ராத்திரி தங்கத்திடம், மோர் நன்றாயிருந்தது என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிற முறை அது.

ஆனால் கடையில் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் மெத்தை.

தியாகராய நகரில் முப்பிடாதி ஜவுளி மாளிகையின் முதல் மாடி முழுக்கப் பட்டு. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை வரிசையில், ஆளுக்கொரு மெத்தையாக விற்பவர்கள் சப்பணம் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். எதிரே வாங்குகிற குடும்பம். மற்றப் புடவைக்கு எப்படியோ, முகூர்த்தப் பட்டுக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. முதல் புடவையைப் பிரித்த கைதான் கடைசியில் எடுத்த புடவையை மடித்து மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுக்க வேண்டும். நடுவில் விற்கிறவன் எழுந்துவிட்டால் ஆகாது. பார்ட்டியும் எழுந்துவிடும், நேரே எதிர்க் கடைக்குப் போய்விடும். மாணிக்கவாசகத்துக்குக் கைராசி என்று பெயர். ‘முதப் புடவையும் நான்தான், கடைசிப் புடவையும் நான்தான்’ என்று சொல்லிக்கொண்டே அவர் விரித்தால் போதும் என்று காத்திருந்து எடுப்பவர்கள் உண்டு. நடுவில் எழுந்த இரண்டு பேரை முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி கீழே துண்டு, லுங்கி பக்கம் அனுப்பியிருந்தார். கீழே போனவர்கள் திரும்பி மேலே ஏறியதில்லை.

உடம்பு அடங்கியிருந்த காலத்தில் அது ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை. மஞ்சள் மாத்திரையும் தங்கத்தின் குழைந்த சோறும் மோரும் சேர்ந்து அவரை மனிதனாக நடமாட வைத்தன. அவசரம் வந்தாலும் இரண்டு பார்ட்டிக்கு நடுவே, ஃபால்ஸ் தைக்கக் கொடுத்ததைப் பார்த்து வருகிறேன் என்று பின்படியில் இறங்கிவிடுவார். கடைக்குப் பின்சந்தில் அக்பர் பாஷாவின் தையல் கடை. இந்த மனிதர் ஒரே நாளில் மூன்று தரம் சந்தில் ஓடுவதைப் பார்த்த பாஷா, மறுநாள் தன் கடைப் பின்கதவுச் சாவியை வாசல் நிலையில் ஒரு ஆணியடித்து மாட்டிவிட்டார். “இந்த ஆணி உங்களுது அண்ணே” என்றதோடு சரி, மறுபடி மிஷினை ஓட்டப் போய்விட்டார். மாணிக்கவாசகம் தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு ஒரு கைலி கொடுப்பார். எதற்கு என்று பாஷா கேட்டதில்லை.

எழுபத்துநாலாம் வருஷம் ஆவணி மாதத்தில் வந்தது வினை. வினைக்கு விளக்கெண்ணெய் என்று பெயர்.

அய்யாதுரை அண்ணாச்சிக்கு இரண்டு தெய்வம். ஒன்று திருச்செந்தூரில் இருக்கிறது. இன்னொன்று பாட்டிலில் இருந்தது. வயிறு சுத்தமாக இருந்தால்தான் தீபாவளிக் கூட்டத்தில் ஆள் நிற்பான் என்பது அவர் சித்தாந்தம். ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடைப் பையன்கள் தங்குகிற மெஸ்ஸில் நாற்பது பேரும் வரிசையில் நிற்க வேண்டும். அண்ணாச்சி முதலில் தான் ஒரு டம்ளர் குடிப்பார். பிறகு ஒவ்வொருவருக்கும் சுக்கு வெந்நீரில் விளக்கெண்ணெயைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். தகப்பன் பிள்ளைக்கு ஊற்றுவது மாதிரி, மூக்கைப் பிடிக்கச் சொல்லி. மத்தியானம் வரைக்கும் மெஸ்ஸில் இருக்கிற மூன்று கக்கூஸுக்கு நடக்கிற யுத்தம் சொல்லி மாளாது. அன்று ஒரு நாள் மட்டும் நாற்பது பேரும் மாணிக்கவாசகத்தின் வாழ்க்கையை வாழ்ந்தார்கள்.

அந்த ஞாயிறுக்கு அவர் இரண்டு வருஷம் டிமிக்கி கொடுத்திருந்தார். இரண்டு தரமும் அப்பாவின் திதி. மூன்றாம் வருஷம் அண்ணாச்சி கூப்பிட்டு, “ஊர்ல விசாரிச்சேன். உங்கப்பா செத்தது பங்குனியிலலா? ஆவணியில என்னல திதி?” என்று கேட்டுவிட்டார்.

டம்ளரைக் கையில் வாங்கினபோது சொல்லியிருக்கலாம். ‘அண்ணாச்சி, எனக்கு ஆகாது’ என்று மூன்று வார்த்தை. முப்பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பேசிப் பேர் வாங்கினவனுக்கு ஒரு சாபம் உண்டு; உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு தானாக ஒரு வேடிக்கையை எடுத்து நீட்டிவிடும். “ஒரு கரண்டி சேத்தே ஊத்துங்க அண்ணாச்சி, ரெண்டு வருசப் பாக்கி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சந்தோஷமாக ஒரு கரண்டி சேர்த்தே ஊற்றினார். அவர் ஒரே மடக்காகக் குடித்தார்.

பத்தாம் நாள் ரத்தம் வந்தது. அதன் பின்னாலேயே பழைய உறவுக்காரர்கள் மாதிரி முழங்கால் வீக்கமும் கண் சிவப்பும் வந்து சேர்ந்தன. டாக்டரம்மாள் கண்ணுக்குத் தனியாக ஒரு டாக்டரிடம் அன்றைக்கே அனுப்பினாள். வெள்ளை மாத்திரையை மறுபடி எழுதினாள். விளக்கெண்ணெய் கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். இதனால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் ஆறிக்கொண்டிருக்கிற புண்ணில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான் என்றாள். லீவு போடச் சொன்னாள். தீபாவளி வருகிறதே அம்மா என்று இவர் இழுத்தார்.

“தீபாவளி வருஷா வருஷம் வரும். பெருங்குடல் ஒண்ணுதான் இருக்கு” என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி, “நீங்க வேலை செய்யறது தப்பில்ல. எழுந்திருக்கவே முடியாத இடத்துல உக்காந்துக்கிட்டு இருக்கீங்க பாருங்க, அதான் தப்பு” என்றாள்.

அவர் என்ன செய்தார் என்றால், சாப்பாட்டை நிறுத்தினார். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது என்ற கணக்கு. தங்கம் கட்டிக்கொடுத்த மோர்சாதத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டுக் காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுபோனார். தி. நகர் காக்கைகள் அந்த ஐப்பசியில் நன்றாகக் கொழுத்தன. இப்படியே தீபாவளியை ஒப்பேற்றினார். கன்னம் உப்பியும் விலா எலும்பு தெரிந்தும், ஒரே உடம்பில் இரண்டு ஆளாக இருந்தார்.

தீபாவளி முடிந்து ஒரு புதன்கிழமை, பதினோரு மணி. கூட்டம் இல்லை. ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் படியேறி வந்தது. முத்தம்மா என்ற மீன்காரம்மாள், கல்யாணப் பெண்ணான மகள் எல்லம்மா, ஒரு நாத்தனார். புருஷன் ரங்கன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றான். மற்ற மெத்தைக்காரர்கள் இவர்கள் மலிவு நைலெக்ஸ் புடவை பார்க்கிற ஆட்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாணிக்கவாசகம் கைதட்டிக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கருணையால் அல்ல, ஏழைப்பட்ட ஜனம், நாலு புடவை பார்த்து அரை மணியில் எடுத்துவிடும், வயிறு தாங்கும் என்ற சுயநலம். ‘முதப் புடவையும் நான்தான், கடைசிப் புடவையும் நான்தான்’ என்ற வழக்கமான வசனத்தைச் சொல்லி முதலில் ஒரு அரக்குப் புடவையை விரித்தார்.

மீன்காரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தே முப்பது வருஷம் பழகினவள், முந்தானையின் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவாளா? ஜரிகையை நகத்தால் சுரண்டினாள். மடித்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நாற்பது புடவை மலையாகக் குவிந்தது. ஒரு மணி தாண்டியது. நாற்பத்திரண்டாவது புடவையை விரித்தபோது மாணிக்கவாசகத்தின் வயிறு கூப்பிட்டது.

முதல் அழைப்பைக் கேளாதவர்போல இருந்தார். இரண்டாவதில் வேர்த்தது. கல்லாப்பெட்டியை விட்டு எழுந்து அண்ணாச்சி வழக்கம்போல மாடியை ஒரு சுற்று வந்துகொண்டிருந்தார். மூன்றாவது அழைப்பில் கையிலிருந்த புடவை தானாக நழுவியது.

முத்தம்மா புடவையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா நைனா, மூஞ்சி கெளுத்தி மீனு வவுறு மாரி வெளுத்துக்கினு கீது?”

ஒரு வேடிக்கை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்தது வெளியே வரவில்லை. வேடிக்கை பேசுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

“அம்மா, எனக்குக் குடல்ல புண்ணு. மூணு வருசமாச்சு” என்றார் தாழ்ந்த குரலில். “இப்ப நான் எந்திரிச்சே ஆகணும். முகூர்த்தப் பட்டுல நடுவுல எந்திரிச்சா ஆகாதும்பாங்க. நீங்க தப்பா நினைக்காம அடுத்த மெத்தையில முதல்லேருந்து பாத்துக்கிடுங்க.”

முத்தம்மா சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு நாத்தனாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: “விடிகாலைல கூடையத் தூக்கிக்கினு பொறப்பட்டா, பொழுது சாயறவரிக்கும் அடையாறு பூரா சுத்தறவ நானு. மீன் கூடையோட எந்த வூட்ல உள்ள வுடுவான்? பொம்பள நானு, சந்துல ஒதுங்க முடியுமா? தண்ணிகூட குடிக்காம கெடப்பேன். எனுக்கா தெரியாது அந்த அவசரம்? போய்ட்டு வா நைனா. நாங்க குந்திக்கினு இருக்கோம்.”

“எந்திரிச்சா...”

“கடலுக்குப் போனவன் பாதில திரும்பி வந்தா கட்டுமரத்தையா கொளுத்திர்றோம்? போ நைனா. பேசிக்கினே குந்திக்கிற.”

அவர் எழுந்தார். வீங்கிய முழங்கால் முதலில் மறுத்தது, பிறகு ஒத்துக்கொண்டது. மற்ற மெத்தைகளில் புடவை விரிக்கிற சத்தம் நின்றது. அண்ணாச்சி நடந்த நடை அப்படியே நின்றார். அவரைக் கடந்து போகும்போது ஃபால்ஸ் என்று வாய் திறக்கவில்லை மாணிக்கவாசகம். பின்படியில் இறங்கி, ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கால் மணி ஆயிற்று. பாஷா கடைக் கக்கூஸின் சின்ன ஜன்னலில் ஒரு துண்டு வானம் தெரியும். மூன்று வருஷமாக அவர் பார்த்துப் பழகிய வானம். துண்டு செக்‌ஷனில் நிற்கிற வேலைதான், நினைத்தபோது நடமாடலாம், முழங்காலுக்கும் நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை மட்டும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் பட்டைத் தொட்ட கை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முகம் கழுவிக்கொண்டு மெதுவாகப் படியேறினார். மெத்தை காலியாக இருக்கும் என்று நினைத்து வந்தவருக்கு முதலில் தெரிந்தது முத்தம்மாவின் முதுகு. மூன்று பெண்களும் வைத்தது வைத்தபடி இருந்தார்கள். எல்லாப் புடவைக்கும் அடியிலிருந்த அந்த முதல் அரக்குப் புடவை மட்டும் தனியாக வெளியே வந்து கிடந்தது. அதன் மேல் முத்தம்மாவின் சுருக்குப்பை. எதிரே, ஒருநாளும் மெத்தையில் உட்காராத அய்யாதுரை அண்ணாச்சி, கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

நடந்ததை அப்புறம் பக்கத்து மெத்தைக்காரர் சொன்னார். இவர் இறங்கின உடனே அண்ணாச்சி ஓடிவந்து, ‘நான் முதலாளிம்மா, நானே காட்டுதேன்’ என்று புடவையில் கை வைக்கப் போயிருக்கிறார். முத்தம்மா பட்டென்று அடியிலிருந்த அரக்குப் புடவையை உருவி அதன் மேல் சுருக்குப்பையை வைத்துவிட்டாளாம்.

“மொத பொடவ பிரிச்ச கைதான் குடுக்கணும்னு அந்த ஆளு சொன்னாரு. உங்க கடை சட்டந்தான அது? அந்தக் கை வர்றவரிக்கும் வேற கை படக்கூடாது” என்றாளாம். பதினெட்டு வருஷம் அந்தச் சட்டத்தைப் போட்டு ஆண்டவர் அண்ணாச்சி. நீட்டிய கையை இழுத்துக் கட்டிக்கொண்டார். எழுந்துபோகவும் தோன்றாமல் அங்கேயே இருந்துவிட்டார். எழுந்தால் ஆகாது என்ற எண்ணமும் இருந்திருக்கலாம்.

மாணிக்கவாசகம் உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு புடவையைப் பார்த்த முத்தம்மா சுருக்குப்பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, “இத்தயே குடு நைனா” என்று அந்த முதல் புடவையைக் காட்டினாள். அவர் மடித்தார். மஞ்சள் வைத்தார், குங்குமம் வைத்தார். எல்லம்மாவிடம் நீட்டினார். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் போனபின் அண்ணாச்சி கூப்பிட்டார்.

“எத்தனை வருசமால?”

“மூணு, அண்ணாச்சி.”

“ஆவணியில நான் ஊத்தினேனே.”

“குடிச்சேன்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம்தான் இந்த ரெண்டு மாசமும்.”

அண்ணாச்சி விரலிலிருந்த மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “என் கையால ஊத்தினேன்லா” என்றார் கடைசியில். ஒரு கரண்டி சேர்த்து ஊற்றினது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “ஏம்ல சொல்லல?”

“துண்டு பக்கம் அனுப்பிருவீங்கன்னு.”

“அனுப்பித்தான் இருப்பேன்” என்றார் அண்ணாச்சி. பொய் சொல்லத் தெரியாத மனிதர். “இன்னைக்குக் காலைல வரைக்கும் அனுப்பித்தான் இருப்பேன்.”

மறுநாள் மாணிக்கவாசகத்தின் இடம் மெத்தை வரிசையின் கடைசிக்கு, பின்படிப் பக்கம் மாறியிருந்தது. முழங்காலுக்கு இதமாக ஒரு திண்டும் வந்திருந்தது. பார்ட்டி உட்காரும்போதே அண்ணாச்சி வந்து, ‘இவுகளுக்கு உடம்புக்குக் கொஞ்சம் முடியாது, நடுவுல எந்திரிச்சுப் போயிட்டு வருவாக, ஆனா கை இவுக கைதான்’ என்று சொல்லிவிடுவார். பத்துக்கு இரண்டு பார்ட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தது. எட்டு உட்கார்ந்தது. ஒரு நெய்வேலிக்காரர் தனக்கும் அப்படித்தான் என்று புடவையை மறந்துவிட்டு அரை மணி பேசினார். சம்சாரம் அவர் தொடையில் கிள்ளின பிறகுதான் நிறுத்தினார். மாணிக்கவாசகம் காக்கைக்குப் போடுவதை நிறுத்திவிட்டு மத்தியானத்தில் சாப்பிட ஆரம்பித்தார். தை பிறப்பதற்குள் ரத்தம் நின்றது, கண் தெளிந்தது. டாக்டரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, எழுதிக்கொண்டே, “மூணாவதா நான் சொன்ன மருந்தை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கீங்க. அதையும் நிறுத்திடாதீங்க” என்றாள்.

அடுத்த ஆவணியில் ஒன்று நடந்தது. வரிசையில் டம்ளரோடு நின்றவர்களிடம் அண்ணாச்சி, யாருக்காவது இது ஆகாது என்றால் இப்போதே சொல்லுங்கள் என்றார். ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் ஏழு. ஒருவனுக்கு மூலம், ஒருவனுக்குக் குடலிறக்கம், ஒருவனுக்கு இருதயத்தில் என்னமோ. அண்ணாச்சி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அந்த ஏழு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றோடு அவருக்குத் தெய்வம் ஒன்றாயிற்று.

அது ஆவணியில். அதற்கு முன்னால், தை மாதம் ஒரு காலையில் எல்லம்மாவுக்குக் கல்யாணம். முத்தம்மா கடைக்கே வந்து தேங்காய் வெற்றிலையோடு பத்திரிகை வைத்திருந்தாள். மாணிக்கவாசகத்துக்குப் போக ஆசை. ஆனால் அவருடைய அட்லஸ் மரவாடியோடு முடிந்துபோகிறது. அதற்கப்பால் மணல், மணலுக்கப்பால் கடல். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு எங்கே போவது? கிளம்புகிற நேரத்தில் தலை வலிக்கிறது என்றார். தங்கம் அவர் சட்டையை எடுத்து நீட்டினாள். அவ்வளவுதான், போய்ச் சேர்ந்தார்கள்.

பந்தல் கடற்காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. எல்லம்மா அரக்குப் புடவையில் மணமேடையில் இருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்தம்மா வந்தாள். சந்தனம் கொடுக்கவில்லை, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, மணலுக்கு இந்தப் பக்கம் பெசன்ட் நகரில் புதிதாகக் கட்டியிருந்த வீட்டு வரிசையைக் காட்டினாள்.

“அதோ, ரெண்டாவது தெருவுல பச்ச கேட்டு வூடு. நான் மீன் போடற வூடு. நேத்தே சொல்லி வெச்சிட்டேன். இன்னிக்கு முழுக்க கேட்டு தொறந்தே கெடக்கும், யாரும் இன்னான்னு கேக்கமாட்டாங்க. நூறு எட்டுதான், நானே நடந்து பாத்துட்டேன்.” பிறகுதான் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். “இப்ப பயப்படாம சாப்புடு நைனா.”

அவர் பந்தியில் உட்கார்ந்தார். மூன்று வருஷமாக வெளியே எங்கு கை நனைத்தாலும் ஒவ்வொரு கவளத்தையும் தூரத்தோடும் நேரத்தோடும் கூட்டிக் கழித்தே விழுங்கியவர், அன்று பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். மணமக்களை வாழ்த்தினார். கடற்கரையில் தங்கத்தோடு கொஞ்சம் நடந்தார். வயிறு ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில் பச்சை கேட் வந்தது. திறந்தேதான் இருந்தது. மாணிக்கவாசகம் நின்றார். உள்ளே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்து, முத்தம்மா அனுப்பினவரா, கொல்லைப்பக்கம் போங்கள் என்று கை காட்டினாள்.

“இல்லீங்கம்மா, தேவைப்படல” என்றார் அவர். கை தானாகக் குவிந்தது. “தெறந்து வெச்சிருந்தீங்கள்ல, அதுக்குச் சொல்லிட்டுப் போலாம்னு.”

 அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளும் கும்பிட்டாள்.

இருவரும் தெருமுனைக்கு வந்தார்கள். பல்லவன் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, “பெசன்ட் நகர்லயும் நமக்கு ஒரு சொத்து ஆயிட்டு” என்றார் மாணிக்கவாசகம்.

தங்கம் சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

அதையே அவர் நாலு நாள் சொன்னார்.